வெள்ளிக்கிழமை கடிக்கும் கெண்டை

மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் தேவனாம்பட்டினத்து ஆண்களுக்குப் பொழுதே போகாது. கிழியாத வலையைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பார்கள், சீட்டாடுவார்கள், வீட்டில் இருப்பவர்கள்மேல் எரிந்து விழுவார்கள். விசைப்படகில் தொழிலுக்குப் போகிற என் அப்பாவும் அப்படித்தான். ஒரு நாள் முதுநகர் மார்க்கெட்டுக்குப் போனவர், அங்கே சிதம்பரத்துப் பக்கத்து ஆள் ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். சாயங்காலம் வரை பிரித்த வலையையே மறுபடி மறுபடி பிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, கொள்ளிடத்துக்குப் போய்க் கெண்டை பிடிக்கலாமா என்று கேட்டார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் அந்தத் திசையின் பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, எங்கள் ஆட்கள் அல்லாத ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு போனது கொள்ளிடக் கரைக்குத்தான். நான் பால்வாடிக்குப் போன காலத்து விஷயம் அது. அன்றைக்கு விட்ட பேச்சை அப்பா மறுபடி தொடவில்லை.

அதெல்லாம் பெரியவர்கள் பாடு. நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன், எனக்குக் கெண்டை வேண்டும். கடலையே கலக்குகிறவரின் மகளுக்கு ஆறெல்லாம் எம்மாத்திரம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். எந்த வீட்டுக்கு எத்தனை கெண்டை என்று வாக்கும் கொடுத்தாயிற்று. அப்பா இரண்டு மூங்கில் கழிகளைச் சீவி, தூண்டில் நரம்பு கட்டி, மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கோத்தார். குழாயடியில் மண்புழு தோண்டி ஈர மண்ணோடு பால்பவுடர் டப்பாவில் வளர்த்தது நான்.

நாள் குறிப்பதில்தான் தகராறு. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றேன். அப்பா வெள்ளிக்கிழமைதான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

“அன்னிக்குத்தான் பாப்பா கெண்டை கடிக்கும்.”

வெள்ளிக்கிழமையில் அடுப்படிப் பக்கம் மீன் வாடையே வரவிடாத என் அம்மா, இதற்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. அன்று காலையில் தானும் வருகிறேன் என்று பட்டுப்புடவையில் வந்து நின்றாள். மீன் பிடிக்கப் பட்டுப்புடவை எதற்கு என்று கேட்டேன். வேறு எதுவும் காயவில்லை என்றாள். கையில் ஒரு கனத்த பை. அடித்த வெயிலில் புடவை காயவில்லையாம், நானும் நம்பினேன்.

சிதம்பரத்தில் டவுன் பஸ் மாறி, கரையோரத்தில் இறங்கினோம். கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். சொட்டுத் தண்ணீர் கிடையாது. எனக்கு அழுகை முட்டியது. அப்பாவோ ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார்.

ஒரு வீட்டு வாசலில் சின்னப் பந்தல். அத்தையின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால், அத்தை வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் மாமனாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் நாங்கள் போய் நின்றோம். அத்தை எங்களைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். அப்பாவும் தூண்டிலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். திரும்பிப் போய்விடுவாரோ என்று நினைத்தாளோ என்னவோ, அம்மா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அத்தை வீட்டுக்காரர்தான் எழுந்து வந்தார்.

“தூண்டில இப்புடிக் குடுங்க மச்சான். புள்ள ரொம்ப நேரமா ஒக்காந்திருக்கான்.”

சிநேகிதர் சிரித்துக்கொண்டே இடத்தைக் காலி செய்தார். அப்பா உட்கார்ந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ரோஸ் தாளில் மடித்த குட்டித் தோடுகள் வந்தன. அம்மாவின் பையிலிருந்து புடவையும் வேட்டியும் குழந்தைச் சட்டையும் வந்துகொண்டே இருந்தன. மீன் போடுவதற்கு அந்தப் பையில் துளி இடம் வைக்கவில்லையே என்று எனக்கு அம்மாமேல் கோபம்.

வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் புழுக்களை வாழைமரத்தடியில் கொட்டினேன். ஆடி பிறந்தால்தான் ஆற்றில் தண்ணீர் விடுவார்கள் என்று அந்தத் தெருப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார். அவ்வளவு பாடுபட்டுத் தூண்டில் கட்டியவர் ஆயிற்றே. எனக்கு மனசு கேட்கவில்லை.

“அழுவாதப்பா. இன்னொரு தடவ வந்து புடிச்சிக்கலாம்.”

“வரலாம் பாப்பா” என்றார். “இனிமே அடிக்கடி வரலாம்.”

பாவம், ஆடி வரைக்கும் தண்ணீர் வராது என்பது அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.