எட்டாம் வளைவில் ஒரு சக்கரம்

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டும் சென்னகேசவனுக்கு கார் ரேஸ் என்றால் சோறு தண்ணி வேண்டாம். பதினெட்டு வருஷமாகப் பந்தய நாட்களில் லீவு போட்டுவிட்டு டிராக்கின் எட்டாம் வளைவில் போய் நிற்பார். வேலை ஒன்றே ஒன்று. நாலு சக்கரமும் வெள்ளைக் கோட்டைத் தாண்டிய வண்டியின் நம்பரை வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். அந்தச் சுற்றின் நேரம் அடிபட்டுப் போகும். ஒரு சக்கரம் கோட்டில் பட்டிருந்தாலும் சுற்று செல்லும். சந்தேகமாக இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது. அங்கே கேமரா கிடையாது. அவர் சொன்னால் சொன்னதுதான், அப்பீலும் இல்லை.

அக்கா பத்மாவதியின் மகள் மௌனிகாவும் ஓட்டுகிறாள் என்று தெரிந்ததும் வேறு வளைவு கேட்டார். அதிகாரி சிரித்துவிட்டு, உங்களை நம்பாமல் யாரை நம்புவது என்று அனுப்பி வைத்தார். அந்த ஒரு வார்த்தையில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுபேச்சில்லாமல் போய் நின்றுகொண்டார்.

தகுதிச் சுற்றில் முதல் ஆறு இடத்துக்குள் வருகிறவர்களுக்கு அடுத்த வருஷம் ஒரு டீம் வண்டி தருவதாக இருந்தது. அதை விட்டால் மௌனிகாவுக்கு ரேஸில் தொடர வேறு வழியில்லை. இன்ஜின் மக்கர் பண்ணியதில் கடைசியாக அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சுற்று. பறந்து வந்தாள். வளைவு முடிகிற இடத்தில் வண்டி வெளியே ஒதுங்கியது. மூன்று சக்கரம் கோட்டைத் தாண்டிவிட்டது. நாலாவது கோட்டில் பட்டதா இல்லையா, புழுதியில் தெரியவில்லை.

தெரியவில்லை என்றால் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் அக்கா மகள் என்று விட்டுவிட்டான் பார் என்று ஊர் பேசுமே என்பதுதான் அப்போது அவர் மண்டைக்குள் ஓடியது. நம்பரைச் சொல்லிவிட்டார். உறுதிதானா என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு தடவை கேட்கவும் கேட்டார்கள்.

"உறுதிதானுங்க" என்றார், பாவி.

சாயங்காலம் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "சொந்தப் புள்ளைன்னும் பாக்கலையே, நீங்க மனுசனுங்க" என்றார் அதிகாரி. பட்டியலில் கடைசியாக, நேரமே இல்லாமல் மௌனிகாவின் பெயர் கிடந்தது. சென்னகேசவன், இத்தனை வருஷ நாணயமும் இதற்குத்தானா என்று நொந்துபோய் அவளைத் தேடிப் போனார்.

அவள் அழவில்லை.

"மாமா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அது வேற ஆரோட வண்டியா இருந்தாலும் சொல்லியிருப்பீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தத் தெம்புகூட அவருக்கு மிச்சமில்லை.

"மாட்டேன், கண்ணு."

அவள் ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இத ஆருக்காவது குடுத்துருங்க மாமா. எனக்கினி எதுக்குங்க" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.