தண்ணீரை நடக்க வைத்த செல்லம்மா அக்கா

செல்லம்மா அக்கா போய்விட்டார். காலையில் தலவாக்கலையிலிருந்து அவர் மகன் ஃபோன் பண்ணிச் சொன்னார்... எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வெறும் கும்பிடு எமோஜி போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முழுசாகப் படியுங்கள். சாதாரண மனுஷி இல்லை அவர்.

அறுபதுகளின் தொடக்கம். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைமடுவத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஆயாக்கள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள்.

எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. அக்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மடுவத்தில் அவர் அதட்டினால் கடைசி லயத்து வீட்டில் இருக்கிறவன் எழுந்து நிற்பான். அப்படி ஒரு குரல்!

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசாணி, சீமைக்குத் திரும்பிப் போகும்போது பங்களாவில் இருந்த மீன் தொட்டியை மடுவத்துக்குக் கொடுத்துவிட்டார். பெரிய கண்ணாடித் தொட்டி, சில தங்க மீன்கள், தண்ணீரைச் சுற்றவிட ஒரு குட்டி மோட்டார். மடுவத்தில் ஏது கரண்ட்?

"அப்பிடியே கரண்டையும் ஒரு பொட்டியில போட்டுக் குடுத்திருக்கலாம்ல தொரசாணி!" அக்கா சிரித்த சிரிப்பில் தூங்கின பிள்ளையெல்லாம் எழுந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் புஷ்பம் வந்தாள். ஒன்றரை வயதுப் பிள்ளை. தாயை நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். யார் ஊட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். பால் வேண்டாம், கஞ்சி வேண்டாம். விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது... எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் தொட்டிக்கு முன்னால் உட்கார வைத்தோம். ஒரு மீன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அதைப் பார்த்துப் புஷ்பமும் வாயைத் திறந்தாள். அக்கா டக்கென்று ஒரு கரண்டி கஞ்சியை உள்ளே விட்டார். இறங்கிவிட்டது!

ஆனால் மோட்டார் ஓடாத தொட்டியில் தண்ணீர் சும்மா கிடந்தது. கொஞ்ச நாளில் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறின.

அக்கா பீலியிலிருந்து, அதாவது மலை ஊற்று வந்து கொட்டும் குழாயிலிருந்து, ஒரு ரப்பர் ஹோஸை இழுத்து நேரே தொட்டிக்குள் விட்டார். நிரம்பி வழிவது வெளியே கானுக்கு, அதாவது வடிகால் வாய்க்காலுக்கு, போகத் தகரம் மடித்து வைத்தார்.

பீலிக்கு அடியில் நின்று குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். முதுகில் படீரென்று விழுந்தால்தான் எங்களுக்கு அது தண்ணீர். மீன்கள் சுழன்று சுழன்று போனதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினோம். "எப்பிடி வெளையாடுதுங்க பாரு!"

எங்கே விளையாடின... தண்ணீர் அல்லவா அவற்றை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. மறுநாள் காலையில் ஒன்றே ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அதுவும் மூலையில், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு.

வேகத்தைக் குறைக்க ஹோஸை மடித்துக் கட்டிப் பார்த்தோம். அது பீலிப் பக்கம் பிய்த்துக்கொண்டு எங்களைக் குளிப்பாட்டியது. ஹோஸை எடுத்துவிட்டால் மீன் மறுபடி மூச்சுக்குத் திணறியது. அந்த மீன் நீந்தி முன்னால் வரவில்லை, புஷ்பமும் வாயைத் திறக்கவில்லை. முந்தின நாளிலிருந்து பிள்ளை பட்டினி.

அக்கா ஜாக்கெட் கையைச் சுருட்டிவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டார். ஹோஸ் வாய்க்கு நேரே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். வந்த வேகம் கையில் மோதி உடைந்து, விரல் இடுக்குகளில் சாதுவாக வெளியே வந்தது. மீன் மெல்ல மூலையை விட்டு நகர்ந்தது.

அப்போது தை மாதம். லிந்துலைக் குளிரை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்...

"அக்கா, கை வெறைச்சுப் போயிரும், எடுங்க!"

"எம் மூஞ்சியில என்னாடி இருக்கு? புள்ள வாயப் பாரு. ஊட்டு!"

கோப்பை காலியாகும் வரை அவர் எடுக்கவில்லை. எடுத்தபோது கை நீலம் பாரித்திருந்தது, விரல் மடங்கவில்லை. முந்தானையில் சுற்றித் தேய்த்துவிட்டேன். அம்மாடி... இவர் என்ன பிறவியோ என்று இருந்தது எனக்கு.

சாயங்காலமும் அப்படியே, மறுநாளும் அப்படியே, கையை மாற்றி மாற்றி. நானும் ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன். நாலு வாய் ஊட்டுவதற்குள் ஐயோ என்று கத்திக்கொண்டு எடுத்துவிட்டேன்.

பிறகு ஒரு காலையில் அக்கா மூங்கில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். புருஷனை நச்சரித்து, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வரிசையாகத் துளை போட்டு வாங்கியிருக்கிறார். "எல்லாம் வெரலு இடுக்கப் பாத்து வந்த யோசனதான்" என்றார்.

ஒரு முனையை அடைத்து, மறு முனையில் ஹோஸைச் செருகி, தொட்டிக்குள் பின்பக்கமாக நீளவாக்கில் வைத்தார். துளைகளைப் பின் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டார். ஒரே இடத்தில் அடித்த தண்ணீர் பல இடமாகப் பிரிந்து, கண்ணாடியில் பட்டு, அடங்கித் திரும்பியது. ஒரு கொழுந்தைக் கிள்ளி மேலே போட்டார். அது அவசரமே இல்லாமல் தொட்டியைச் சுற்றி வந்தது.

"நேத்து வரைக்கும் ஓடுச்சு. இன்னைக்குத்தான் நடக்குது, பாரு."

மீன் தானாகவே முன்னால் வந்தது, நான் கஞ்சிக் கோப்பையை எடுத்தேன்.

மாசியில் புஷ்பத்தின் தாய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். குச்சி மாதிரி மெலிந்து, மடுவத்து வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை தன்னை மறந்திருக்குமோ என்ற பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

புஷ்பம் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. அம்மாவைப் பார்த்து 'ஆ'வென்று வாயைத் திறந்தாள்.

அக்கா கஞ்சிக் கோப்பையை அந்தத் தாயின் கையில் வைத்தார். "இந்தா, இனி நீ ஊட்டு."

சொல்லிவிட்டு வெளியே போய் அழுதார். அவ்வளவு பெரிய குரல்காரி, சத்தமே இல்லாமல் அழுதார்.

போயிட்டு வாங்க, அக்கா.