வெள்ளைக்காரன் காலில் என் முகம்

இன்று காலை வட்டகொடை ஸ்டேஷனில் என் முகத்தை நானே பார்த்தேன். கண்ணாடியில் இல்லை. ஒரு வெள்ளைக்காரனின் காலில்.

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டனில் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. நானும் வீட்டுக்காரரும் ரயில்கோச்சிக்குக் காத்திருந்தோம். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலை, தலையில் பூ, கையில் ஹேண்ட்பேக். தினமும் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். (அதற்காகத்தானே அவ்வளவு அலங்காரம்.)

பக்கத்து பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரன், அவனோடு ஒரு பெண், இருவருக்கும் ஒரு கைட். கைட் நுவரெலியாக்காரர், நம் ஆள்தான்.

வெள்ளைக்காரன் தன் போனை என்னிடம் நீட்டி, இரண்டு பேரையும் ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கைஜாடை காட்டினான். கொழுந்து பறிக்கிற எங்களைத்தான் எப்போதும் எல்லாரும் படம் எடுப்பார்கள். ஒரு மாறுதலாக இருக்கட்டுமே என்று வாங்கினேன்.

அவன் ஒரு காலைத் தூக்கி பெஞ்சில் வைத்து ஸ்டைலாக நின்றான். அரைக்கால் சட்டை. கெண்டைக்கால் முழுக்க டாட்டூ.

தலையில் முக்காடு, முதுகில் கூடை, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற ஒரு பெண். ஏதோ தேயிலைப் பெட்டியில் பார்த்துக் குத்திக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன்.

பிறகுதான் அந்த இடது புருவத்தைப் பார்த்தேன். நடுவில் ஒரு வெட்டு. சின்ன வயதில் லயத்து வீட்டுப் படியில் விழுந்து எனக்கு ஆன அதே வெட்டு.

முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. அதுவும் என்னுடையதுதான்.

படம் எடுத்தேனா இல்லையா என்றே தெரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் என் முகத்தை நேருக்கு நேர் பார்த்து நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

அடையாளம் தெரியவில்லை.

ஆயுசுக்கும் அழியாதபடி என்னைக் காலில் குத்தி வைத்திருக்கிறான். ஒரு முழம் தள்ளி நிற்கிற என்னை அவனுக்குத் தெரியவில்லை. காலில் குத்தியதைவிட எனக்கு இதுதான் முதலில் சுருக்கென்றது.

வீட்டுக்காரரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். "என்னங்க, அந்தாளு கால்ல இருக்கிறது நாந்தாங்க."

அவர் நம்பவில்லை. செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. நேராக அவனிடம் போகப்போனவரைச் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு, நானே கைடிடம் போய் அந்த டாட்டூவில் இருப்பது யார் என்று கேட்கச் சொன்னேன்.

வெள்ளைக்காரனுக்கு ஒரே சந்தோஷம். போன தடவை வந்தபோது ரோட்டோரத் தோட்டத்தில் எடுத்த படமாம். பயணத்தின் ஞாபகமாக ஊருக்குப் போய்க் குத்திக்கொண்டானாம். போனில் அந்தப் படத்தையும் காட்டினான். நான்தான். என் பக்கத்தில், பாதி முகம் வெட்டுப்பட்டு, என் கூட்டாளி செல்வி.

முந்தானையை இழுத்து முக்காடு போட்டேன். ஹேண்ட்பேக் வாரைத் தலையில் மாட்டிப் பையைக் கொழுந்துக் கூடை மாதிரி முதுகில் தொங்கவிட்டேன்.

கைட் வாயில் கையை வைத்துக்கொண்டார். வெள்ளைக்காரன் காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி காலைப் பார்த்தான். கூட இருந்த பெண் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசினான். (வீட்டுக்காரர் பின்னால் இருமினார்.) கைட் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். மனசு சரியில்லாத நாட்களில் அவன் இந்தச் சிரிப்பைத்தான் பார்ப்பானாம். அவ்வளவு கஷ்டமான வேலைக்கு நடுவில், முன்பின் தெரியாத தன்னைப் பார்த்து ஒரு பெண் இத்தனை அன்பாகச் சிரித்தாளே, அது ஏன் என்று கேட்கிறானாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அந்தப் படத்தைப் பார்த்ததுமே அன்றைக்கு நடந்தது எல்லாம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவன் கண் கலங்கி நிற்கிறான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தம்பி, உள்ளதச் சொல்லிருங்க. அன்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. படம் எடுக்க வந்தவரு தண்ணி ஓடுற கான்ல வழுக்கி உக்காந்துட்டாரு. எந்திரிச்சுத் திரும்புனா, பின்பக்கம் பூராவும் சேறு. செல்வி 'சிரிக்காதடி, பாவம்'னு சொன்னா பாருங்க, அதுலதான் என்னால அடக்க முடியல. அந்தச் சிரிப்பத்தான் அவரு படம் எடுத்திருக்காரு."

கைட் நெளிந்தார். "அக்கா, இத நான் எப்புடிச் சொல்றது?"

"விழுந்தது அவருக்குத் தெரியும்தானே. சொல்லுங்க."

சொன்னார்.

முதலில் அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவன் காது வரை சிவந்துபோய் நின்றான். பிறகு அவனும் சிரித்தான். நல்லவேளை.

சிரித்து முடித்து என் பெயரைக் கேட்டான். படத்துக்குக் கீழே பெயரையும் குத்தப்போகிறானாம்.

இரண்டாவது அதிர்ச்சி. என் பெயர் மகாலெட்சுமி.

"சாமி பேரு. கால்ல வேணாம்னு சொல்லுங்க தம்பி. அப்புடிக் குத்தணும்னா கையில குத்திக்கட்டும்."

உடனே கையை நீட்டிவிட்டான். கைடின் பேனாவை வாங்கி, அவன் மணிக்கட்டுக்கு மேலே, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி என் பெயரை எழுதிக் கொடுத்தேன். இனி யாராவது அது யார் என்று கேட்டால் சொல்லத் தெரியும் அல்லவா?

கோச்சி வந்தது. அவர்கள் வேறு பெட்டி, நாங்கள் வேறு பெட்டி.

வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர்தான். தலவாக்கலை வந்தது, பேச்சில்லை. கொட்டகலை தாண்டியது, பேச்சில்லை. கோபம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஹட்டனுக்குக் கொஞ்சம் முன்னால் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அவன் குளிக்கிறப்பயும் நீ கூடத்தானே இருப்ப?"

காதுகுத்து வீட்டு மூலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவருக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில்தான் உட்காரப்போகிறார்.