அருளப்பன் சார் அடித்த சொல்

செவ்வாய்க்கிழமை காலை மில்லர்புரத்திலிருந்து ஒருவர் வந்து, சைக்கிளைவிட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு, "அருளப்பன் சார் தவறிட்டாவ" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்திருப்பார். ஒரே பள்ளியில் இருபது வருடம் அவரோடு வேலை பார்த்த நான் உங்களிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

யுத்த காலம், சீனிக்குப் பெர்மிட். என் மகள் கல்யாணத்துக்குச் சீனி கேட்டு, 'நெசசிட்டி' என்று போட்டு ஒரு மனு எழுதி அவரிடம் காட்டினேன். பையன்கள் கட்டுரையைத் திருத்துவதுபோல, சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்தார்.

"என்ன சார், லட்டு இல்லாமலா கல்யாணம்?"

"அண்ணாச்சி, இது லத்தீன்ல இருந்து வந்த சொல்லு. விலகிப் போக வழியே இல்லாததுன்னு அர்த்தம். பின்னால வறுமைக்கும் இதையே சொன்னாவ. படகு கவிழ்ந்தவனுக்குக் கரை நெசசிட்டி. ஒம்ம சம்பந்தி வாய்க்கு லட்டு நெசசிட்டியா? ஆசைன்னு எழுதும். அதுவும் நல்ல சொல்லுதான்."

"ஆசைன்னு எழுதினா தாசில்தார் தருவாரா?"

"தரமாட்டாரு" என்று சிரித்தார்.

நான் வேறு தாளில் அதே சொல்லைப் போட்டுக் கொடுத்தேன். சீனி கிடைத்தது.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர் ஒருவரின் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தைக்குப் பாலில் கரைக்கச் சீனி வேண்டும். சார் எழுதிய மனுவுக்கு, அந்த மாதச் சீனி தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. நேரே என் வாசலுக்கு வந்தார். என் மனுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"வீட்டுல கொஞ்சம் சீனி இருக்கா அண்ணாச்சி?"

மாப்பிள்ளை வீட்டாருக்கென்று ஒதுக்கிய இரண்டு வீசை சீனி உள்ளே இருந்தது. "எல்லாம் சமையல்காரர் வாங்கிட்டுப் போயிட்டாரே" என்றேன்.

கிட்டத்தட்ட இருபது மைல் தள்ளியிருக்கும் ஆறுமுகநேரி வரை சைக்கிள் மிதித்துப் போய், தெரிந்த கடைக்காரரிடம் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாராம். குழந்தை பிழைத்துக்கொண்டது. கல்யாணத்துக்கும் வந்தார். லட்டு வந்தபோது இலைக்கு மேல் கையை விரித்துத் தடுத்துவிட்டார். தெரிந்துதான் தடுத்தாரா? பிறகு எத்தனையோ சாயங்காலம் சேர்ந்து டீ குடித்தோம். கேட்டுவிடலாம் என்று வாய் வரை வரும், பேச்சை மாற்றிவிடுவேன்.

அவருடைய அகராதியை எனக்குத் தருவதாக அவர் மனைவி சொன்னார்கள். வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். சார் என் வாசலில் நின்று கேட்ட கேள்வி ஒன்றுதான் என்னிடம் தங்கியிருக்கிறது. அதற்குப் பதிலை உங்கள் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன்.

இருந்தது சார்.