முடி அடைத்த தலையணை

முடிதிருத்தும் கடைக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் சிடுமூஞ்சி. கத்தரியைவிட வாய் வேகமாக வெட்டும். ஆனால் சுத்தத்தில் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. சீப்புகள் மருந்துத் தண்ணீரிலேயே ஊறும். பிளேடு ஆளுக்கு ஒன்று. அதனால்தான் எதிர்வீட்டுத் தையல்காரம்மா தன் மகனின் பின்னந்தலையைத் திருப்பிக் காட்டியதும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வட்டமாக முடி கொட்டி, ஓரம் சிவந்து, செதில் உரிந்திருந்தது.

“படர்தாமரை. மறுபடியும் வந்திருக்கு. இந்தத் தடவை உங்க கடையிலதான் ஒட்டியிருக்கு.”

“உங்க வீட்டுப் பூனையைக் கேளுங்க. போன தடவை அதுதானே குடுத்துச்சு?”

“அந்தப் பூனை போயே ஒரு வருஷமாச்சு. பையனுக்கும் நல்லா ஆறிடுச்சு. இப்ப எங்கிருந்து வந்துச்சாம்? கொட்டின முடியில அந்தப் பூஞ்சை ஒரு வருஷத்துக்கு மேலகூட உயிரோட இருக்கும்னு டாக்டர் சொல்றாரு.”

“என் கடைத் தரையில முடி கிடந்து பாத்திருக்கீங்களா? வெட்டின கையோட கூட்டிடுவேன்.”

“கூட்டி எங்க போடுறீங்க?”

அவர் ஒரு சீப்பை எடுத்து மருந்துத் தண்ணீரில் முக்கினார்.

“நாளைக்குள்ள பதில் வரணும். இல்லன்னா ஒரு பிள்ளையும் உங்க நாற்காலியில உக்காராது. பாத்துக்கறேன்.”

அவள் போனதும், துண்டு மடித்துக்கொண்டிருந்த மனைவி வாய் திறந்தாள். “தலையணையில பஞ்சு அமுங்கிப் போகுது, முடிதான் நிமிர்ந்து நிக்கும்னு பெருமை பேசுனீங்களே. இப்பப் பேசுங்க.”

குட்டி நாற்காலியில் பிள்ளைகள் தலை சாய்க்கும் குட்டித் தலையணையை அவர் எடுத்துப் பார்த்தார். உறையைக் குத்திக்கொண்டு முடி நுனிகள் வெளியே நீட்டியிருந்தன. போன வருஷம் கூட்டிய முடியை, அந்தப் பையனுடையதையும் சேர்த்து, தானே திணித்துத் திணித்து அடைத்தது.

“நான் அப்பவே வேண்டாம்னேன்.”

“சும்மா இருடி.”

கொல்லையில் தலையணையைப் போட்டுக் கொளுத்தினார். முடி கருகும் நாற்றம் தெருவையே தூக்கியது. மறுநாள் காலையில், கடை திறக்கும் முன்பே, தையல்காரம்மா வீட்டு வாசலில் அவர் போய் நின்றார். மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை.

“உங்க பூனை கொண்டுவந்துச்சு. என் தலையணை பத்திரமா வச்சிருந்துச்சு. தப்பு பாதிப் பாதி.”

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

“மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, பாகம் பிரிக்க வந்தீங்களா?”

கதவு அவர் மூக்குக்கு நேராகச் சாத்திக்கொண்டது. அன்று குட்டி நாற்காலி காலியாகவே கிடந்தது.