வெள்ளிக்கிழமை மட்டும் அறுந்த வைஃபை

பக்கத்து அறையிலிருந்து சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் வந்து, எங்கள் தலைக்கு மேல் கூரைத் தகரத்தில் விழுந்தது. அதே நொடியில் முருகேசு அண்ணனின் போனில் அவர் மனைவி செல்வி அக்காவின் முகம் உறைந்தது. எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான்.

செல்வி அக்கா குவைத்தில் வீட்டு வேலை. போன் அவர் கைக்கு வருவது வெள்ளி மாலை மட்டும். கந்தப்பளைப் பக்கம் பள்ளத்தில் கிடக்கும் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில், அந்த வரிசை வீடுகளில், போனுக்கு சிக்னல் கிடையாது. மேட்டு முனையில் இருக்கும் என் வீட்டுக் கூரையில் அன்டெனா, உள்ளே ரவுட்டர். அங்கிருந்து கேபிள் இழுத்து, நடுவில் புஷ்பம் அக்கா வீட்டில் இன்னொரு வைஃபை பெட்டி வைத்தேன். எங்கே? சாமித் தட்டில். நனையாத, யாரும் கை வைக்காத இடம் அல்லவா?

ஆனால் வெள்ளிக்கிழமை என்றால் அறுந்துவிடும்.

உடனே என் வீட்டுக்கு ஓடுவேன். ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை. கேபிள் முனையை வெட்டிப் புது கனெக்டர் போடுவேன். சேனல் மாற்றுவேன். திரும்பி வந்தால் வைஃபை வேலை செய்யும் – செல்வி அக்காதான் இருக்க மாட்டார். பனி, மழை, எலி... யாரைத்தான் சந்தேகப்படவில்லை?

"அந்த எலிக்குக்கூட ஒன்னயப் பாத்தா பாவமா இருக்கும் தம்பி," என்பார் அண்ணன். சிரிக்க மாட்டார்.

போன வாரம் என் வீட்டுக்கு ஓடவில்லை. லயத்துச் சுவர் கூரைவரை போகாது. அதற்கு மேலாக வந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். புஷ்பம் அக்கா கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். என் பெட்டியின் ப்ளக் கீழே தொங்கியது. அதன் இடத்தில் கலர் பல்ப் சரம்.

"ஒரு ப்ளக்தானே தம்பி இருக்கு. பூச முடிஞ்சதும் திருப்பி மாட்டிருவேன்ல."

"எல்லா வெள்ளியுமா அக்கா?"

"செல்வி போனதுலருந்து. அவ நல்லபடியா வந்து சேரணும்னுதான் இந்த பல்பே போடுறேன்."



பூசை முடிந்து ப்ளக்கை மாட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது, செல்வி அக்கா அனுப்பியிருந்த வொய்ஸ் மெசேஜை அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் பேச ஆரம்பிச்சாலே கட் பண்றீங்க. பிடிக்கலேன்னா சொல்லிருங்க. இனி நான் கோல் எடுத்துக் கூப்பிடல." மறுபடியும் போட்டுக் கேட்டார்.

"போறப்ப சண்ட தம்பி. மொகம் குடுத்துப் பேசாமத்தான் அனுப்புனேன். வேற எப்படி நெனப்பா?"

இப்போது மல்டி ப்ளக் மாட்டியாகிவிட்டது. பல்பும் எரிகிறது, பெட்டியும் எரிகிறது. சிக்னல் அசையாமல் நிற்கிறது. நடந்ததைச் சொல்லி அண்ணன் அனுப்பிய மெசேஜில் இன்னும் ஒரே டிக்.

லைன் அறுந்தது எங்கே என்று தேட எனக்கு எத்தனையோ வழி தெரியும். அறுந்த நொடியில் எதிர்முனையில் இருந்தவர் என்ன நினைத்தார்? அதற்கு எந்த ரவுட்டரிலும் விளக்கு இல்லை.

இந்த வெள்ளி அண்ணனே முதலில் கோல் எடுத்துக் கூப்பிடப் போகிறார். செல்வி அக்கா எடுப்பாரா, தெரியாது. எடுத்தால், அவராக வைக்கும்வரை எங்கள் பக்கம் லைன் அறுந்துபோகாது.