கெல்சென்கிர்ச்சன் கவ்பாய்களும் அப்பாவும்

பள்ளிக்கூடம் எனக்குப் பெரிதாகக் கிடைக்கவில்லை. வாய் கிடைத்தது. இன்று என் துப்புரவுக் கொம்பனியில் இருபது பேர் வேலை செய்கிறார்கள் என்றால் அந்த வாயால்தான். ஜெர்மனிக்கு வந்து ஆறே மாதத்தில், பதினொரு வயதில், அகதி முகாமின் பெரியவர்களுக்கெல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

எண்பத்தாறாம் ஆண்டாக இருக்க வேண்டும். கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் முகாமுக்குப் பின்னால் ஒரு புல்வெளி. கிழமை முழுக்க நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் சனிக்கிழமைகளில் அங்கே அகலத் தொப்பி போட்டுக் கவ்பாய்கள் ஆகிவிடுவார்கள். நாலு குதிரை, மூன்று மாடு, ஒரு கன்று. அதற்குப் பெயர் ராஞ்ச். வேலிக்குள் ஜெர்மன் பேசக்கூடாது, கவ்பாய்ப் பேச்சுத்தான். தவறினால் சாணம் அள்ள வேண்டும்.

வேலியோரம் நின்று மாடுகளைப் பார்த்த அப்பாவை ஒருநாள் உள்ளே கூப்பிட்டார்கள். ஜெர்மன் தெரியாத அவருக்கு இது வசதியாகப் போயிற்று. வன்னியில் எண்பது மாடு வைத்திருந்த மனிதர். கொறால் என்றால் பட்டி, லாசோ என்றால் சுருக்குக் கயிறு, மேவரிக் என்றால் குறி சுடாத கன்று என்று நான் விசாரித்து வந்து சொல்லிக் கொடுத்தேன்.

"உதுக்கும் இங்கிலீசிலை பேர் இருக்கோ?" என்று சிரித்தார். முகாமுக்குள் சிரிக்காத மனிதர் அவர்.

ஒரு சனிக்கிழமை அந்தக் கன்று வேலி பாய்ந்து ட்ராம் பாதைப் பக்கம் ஓடியது. மரக்குற்றிக்கு எறிந்து பழகியவர்கள் எல்லோரும் லாசோ எறிந்தார்கள். ஒன்றும் விழவில்லை. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றை வாங்கினார். ஒரே எறிதான். ராஞ்சின் தலைவர் தன் தொப்பியைக் கழற்றி அப்பாவுக்கு வைத்து, "டொப் ஹாண்ட்" என்றார். ராஞ்சில் முதல்தரமான வேலைக்காரன் என்று அர்த்தம். அடுத்த கிழமை, சனிக்கிழமைதோறும் அப்பா அங்கே வேலை செய்கிறார் என்று முத்திரை குத்திய கடிதமும் தந்தார்.

விசா நீட்டப் போன அன்று அதை நான் கையோடு எடுத்துக்கொண்டேன்.

"அது கிடக்கட்டும் பிள்ளை."

"இல்லையப்பா, நீங்கள் சும்மா இருக்கிற ஆளில்லை எண்டு அவைக்கும் தெரியட்டும்."

அகதிகள் வேலை செய்தால் விசாவே போய்விடலாம் என்பது அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. விசா அலுவலகக் கந்தோரில் நான் கடிதத்தை நீட்டிவிட்டேன். அதிகாரி இரண்டு தரம் வாசித்தார்.

"உன் அப்பா வேலை செய்கிறாரா?"

"ஓம். அங்கே அவரைப் போல வேலை செய்ய ஒருவராலும் ஏலாது" என்று அழகான ஜெர்மனில் சொன்னேன்.

அதிகாரி பேனையை எடுத்தார். அப்பா என் தோளில் கை வைத்தார். வேலை என்ற ஜெர்மன் சொல் அவருக்கு விளங்கியிருந்தது.

"ஷ்பீல்" என்றார். விளையாட்டு. "நூர் ஷ்பீல்." வெறும் விளையாட்டு. பிறகு இரண்டு விரலைத் துவக்குப் போல நீட்டி, அதிகாரியைக் குறிபார்த்து, வாயால் வெடிச்சத்தம் போட்டுக் காட்டினார்.

அதிகாரி கடிதத்திலிருந்த ராஞ்ச் முத்திரையை மறுபடி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். விசாவில் முத்திரை விழுந்தது.

ட்ராமில் நான் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. எண்பது மாட்டுக்காரர் ஒரு மேசைக்கு முன்னால் கோமாளியாக நின்றுவிட்டாரே என்று எனக்குக் கோபம். அடுத்த சனிக்கிழமை அவர் புல்வெளிக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

விளையாட்டு அலுத்துப்போய்விட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.